வேலை தேடல் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது? அறிகுறியை வைத்துக் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

வேலை கிடைக்கவில்லை என்று வருந்துபவருக்குப் பெரும்பாலோர் சொல்லும் அறிவுரை ஒன்றே: இன்னும் நிறைய விண்ணப்பியுங்கள், இன்னும் பலரோடு இணையுங்கள், நாள்தோறும் ஒரு பதிவாவது போடுங்கள். குழாயில் தண்ணீர் வராதபோது, அடைப்பு எங்கே என்று பார்க்காமல் மோட்டாரை இன்னும் சற்று நேரம் ஓட்டச் சொல்வது போன்றது அது. சமூக ஊடகங்கள் வந்தபின் விண்ணப்பிப்பது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தப் பொத்தான் எல்லோர் கையிலும் இருப்பதால், எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் யாருக்கும் பெரிய சாதகம் கிடைப்பதில்லை. தேடல் எந்த நிலையில் முறிகிறது என்பதைக் கண்டுபிடித்து அந்த ஓரிடத்தைச் சரிசெய்வதே பலன் தரும் என்பது என் கருத்து.

முதலில் ஓர் அளவீடு தேவை. கடந்த நான்கு வாரங்களை எடுத்துக்கொண்டு ஐந்து எண்களைத் தாளில் எழுதுங்கள்: தொழில்சார் சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னின் தேடல் முடிவுகளில் உங்கள் பெயர் எத்தனை முறை தோன்றியது, அங்குள்ள உங்கள் பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள், நீங்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் எத்தனை, மனிதர் எழுதிய பதில்கள் எத்தனை, நேர்காணல்கள் எத்தனை. முதல் இரண்டையும் லிங்க்ட்இன் தன் பகுப்பாய்வுப் பகுதியில் கட்டணமின்றியே காட்டுகிறது. மற்ற மூன்றையும் நீங்களே குறித்துவைத்திருக்க வேண்டும். குறிக்கவில்லையென்றால் இன்று தொடங்குங்கள், ஏனெனில் நினைவை நம்பிச் சொல்லும் எண்கள் மனச்சோர்வின் அளவைக் காட்டுமே தவிர உண்மை நிலவரத்தைக் காட்டா. ஐந்து எண்களில் எது திடீரென்று சரிகிறதோ, அதற்குரிய அறிகுறியைக் கீழே தேடிப் படியுங்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தாக வேண்டிய தேவையில்லை.

அறிகுறி: யாருமே தேடி வருவதில்லை, தேடல் முடிவுகளில் தோன்றிய எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது

ஆட்சேர்ப்பாளர்கள் உங்கள் பக்கத்தைத் தற்செயலாகக் கண்டுபிடிப்பதில்லை. பதவிப் பெயர், திறன், இருப்பிடம் ஆகிய மூன்றையும் தேடுபொறியில் இட்டு, வரும் பட்டியலில் முதல் சில பக்கங்களை மட்டும் பார்க்கிறார்கள். அந்த மூன்றில் ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டாலும் நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

மிகவும் பரவலான கோளாறு பதவிப் பெயரில் இருக்கிறது. பல நிறுவனங்கள் தங்களுக்குள் மட்டும் விளங்கும் பதவிப் பெயர்களை வைத்திருக்கின்றன; "நிலை மூன்று அலுவலர்", "உறுப்பினர், செயலாக்கக் குழு" என்பவை போன்றவை அவை. வெளியில் உள்ள எவரும் அந்தச் சொற்களால் தேடமாட்டார்கள். நீங்கள் விரும்பும் வகையிலான வேலை அறிவிப்புகள் இருபதை எடுத்து, அவற்றில் எந்தப் பதவிப் பெயர் அதிகமாக வருகிறது, எந்தெந்தத் திறன்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன என்று எண்ணுங்கள். அந்தப் பெயரையே, பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் இடுங்கள். அலுவலகம் தந்த பெயரைப் பணி வரலாற்றில் அப்படியே விட்டு, அதன் விளக்கத்தில் சந்தையில் வழங்கும் பெயரைச் சேருங்கள். செய்யாத பணியைச் செய்ததாகக் காட்டாதவரை இதில் பொய் எதுவும் இல்லை.

லிங்க்ட்இன் தலைப்பு வரி 220 எழுத்துகள் வரை இடம் தருகிறது. அதில் "வேலை தேடுகிறேன்", "ஆர்வமிக்கவர்", "புதுமை விரும்பி" என்று எழுதி நிரப்புவது இடத்தை வீணாக்குவதாகும். அந்தச் சொற்களை யாரும் தேடுவதில்லை. பதவிப் பெயர், இரண்டு முதன்மைத் திறன்கள், பணியாற்றிய துறை என்ற மூன்றும் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ 1482 இல் லியொனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் வரைந்தார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் என்று போருக்கு உதவும் திறமைகளையே அதில் வரிசையாகப் பட்டியலிட்டார். ஓவியம் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். படிப்பவருக்கு அன்றைக்கு எது தேவையோ அது முன்னால் வந்தது. தமக்குப் பிடித்ததையே முதல் வரியில் வைக்க விரும்புவோர் இக்கடிதத்தை நினைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது கோளாறு இருப்பிடம். ஊர் மாறிய பின்னும் பழைய ஊரே பக்கத்தில் இருப்பதும், வேறு நகரத்துக்கு இடம்பெயரத் தயாராக இருந்தும் அதை அமைப்பில் குறிக்காமல் விடுவதும் சாதாரணமாகக் காணப்படும் பிழைகள். இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

அறிகுறி: பலர் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள், ஆனால் ஒருவரும் எழுதுவதில்லை

தலைப்பு வரி வேலை செய்கிறது, உள்ளடக்கம் வேலை செய்யவில்லை என்று பொருள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பணி வரலாற்றில் பொறுப்புகள் எழுதப்பட்டிருக்கும், விளைவுகள் எழுதப்பட்டிருக்காது. "வாடிக்கையாளர் குறைகளைக் கையாண்டேன்" என்பது எவரும் எழுதக்கூடியது. ஒரு நாளில் எத்தனை குறைகள், எவ்வகையானவை, நீங்கள் வந்தபின் எது மாறியது என்பதை நீங்கள் மட்டுமே எழுத முடியும். துல்லியமான எண் இல்லையென்றால் கற்பனையான விழுக்காட்டை இட்டு நிரப்பாதீர்கள். நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். வேலையின் அளவைச் சொன்னாலே போதும்: எத்தனை பேர் கொண்ட குழு, எத்தனை கிளைகள், எவ்வளவு கால அவகாசம்.

செய்த வேலையைக் கண்ணால் காட்டக்கூடிய துறையில் இருப்பவர்கள் அதைக் காட்டாமல் சொற்களால் விவரிப்பது வியப்பளிக்கிறது. நிரல் எழுதுபவருக்குக் கிட்ஹப், வடிவமைப்பாளருக்கு பிஹான்ஸ், படத்தொகுப்பாளருக்கு யூடியூப் என்று இடங்கள் உள்ளன. முடிக்கப்படாத பன்னிரண்டு திட்டங்களை அங்கே கொட்டுவதைவிட, முடித்த இரண்டை வைத்து, என்ன சிக்கல் இருந்தது, ஏன் இந்த வழியைத் தேர்ந்தீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதுவது மேல்.

அறிகுறி: நூற்றுக்கணக்கில் விண்ணப்பித்தும் ஒரு பதில்கூட இல்லை

இந்த ஓர் அறிகுறிக்குப் பின்னால் முற்றிலும் வேறுபட்ட நான்கு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்கிக்கொண்டே வர வேண்டும்.

முதல் சோதனை கோப்புக்கு. நிறுவனங்கள் ஏடிஎஸ் எனப்படும் விண்ணப்ப மேலாண்மை மென்பொருளில் ரெஸ்யூமேக்களைச் சேர்க்கின்றன. அம்மென்பொருள் கோப்பிலுள்ள எழுத்தைப் பிரித்தெடுத்துப் பெயர், தொலைபேசி, பணி, கல்வி என்று கட்டங்களில் நிரப்புகிறது. உங்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எதுவுமே ஒட்டப்படவில்லையென்றால் உங்கள் ரெஸ்யூமே வெறும் படம். வடிவமைப்புச் செயலிகளில் செய்து படமாகச் சேமித்தவர்களுக்கு இது நேர்கிறது. வரிகள் இடவலமாகக் கலந்து வந்தால், பக்கத்தை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்த அமைப்பு காரணம். தமிழில் எழுதிய பகுதிகள் புரியாத ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் மாறினால், யுனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்தைப் பின்பற்றாத பழைய எழுத்துருவைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அச்சில் அழகாகத் தெரியும் அதே பக்கம் தேடலில் வெற்றுக் குப்பையாக இருக்கும். என் சொந்த ரெஸ்யூமேயில் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வேர்டு கோப்பின் மேல்விளிம்புப் பகுதியில் வைத்திருந்தேன். அப்பகுதியைச் சில மென்பொருள்கள் படிப்பதே இல்லை என்பது, என்னைத் தொடர்புகொள்ள முடியாமல் கைவிட்டதாக ஒரு நிறுவனத்தில் பணியாற்றிய நண்பர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே நெடுவரிசை, சாதாரணத் தலைப்புகள், உடற்பகுதியிலேயே தொடர்பு விவரம் என்ற எளிய அமைப்பே பாதுகாப்பானது.

இரண்டாவது சோதனை, விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் ஆம், இல்லை கேள்விகளுக்கு. மென்பொருளே ரெஸ்யூமேக்களைப் படித்துப் பெரும்பாலானவற்றைத் தூக்கியெறிந்துவிடுகிறது என்ற கதை பரவலாக உலவுகிறது. உண்மையில் தானியங்கி நிராகரிப்பு பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் நடக்கிறது: அந்நாட்டில் பணிபுரிய அனுமதி உள்ளதா, குறிப்பிட்ட உரிமம் உள்ளதா, குறைந்தபட்ச ஆண்டு அனுபவம் உள்ளதா. அவசரத்தில் ஒரு கட்டத்தைத் தவறாகக் குறித்தால், ரெஸ்யூமே எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அதை யாரும் திறக்கமாட்டார்கள். மொபைலில் பயணத்தின்போது விண்ணப்பிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை அறிவிப்புக்கே. வேலை உண்மையில் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் "பலமுறை பகிரப்பட்டது" என்ற குறியோடு வரும் வேலை அறிவிப்புப் படங்களில் பல, தேதியே இல்லாதவை. ஆள் எடுத்து முடித்து மாதங்கள் ஆன பிறகும் அவை சுற்றிக்கொண்டிருக்கும். லிங்க்ட்இன்னில் "மறுபடி வெளியிடப்பட்டது" என்று குறிக்கப்பட்ட அறிவிப்பு, தேவை இன்னும் நீடிப்பதாலும் இருக்கலாம், பிற்காலத்துக்காக ரெஸ்யூமேக்களைச் சேர்த்து வைப்பதாலும் இருக்கலாம். எங்கே பார்த்தாலும் சரி, அந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து, அதே பணி அங்கே இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே விண்ணப்பியுங்கள். அங்கே இல்லாத பணிக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

நான்காவது, நேரம். ஒரே சொடுக்கில் விண்ணப்பிக்கும் வசதியுள்ள அறிவிப்புகளுக்கு மிகக் குறுகிய காலத்தில் விண்ணப்பங்கள் குவிந்துவிடுகின்றன. படிப்பவர் போதுமான ஆட்கள் கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார். வேலை அறிவிப்புத் தேடலில் "கடந்த 24 மணி நேரம்" என்ற வடிகட்டியை இட்டு, புதியவை வந்தால் உங்களுக்குத் தகவல் (அலர்ட்) வரும்படியும் அமைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பழையதான அறிவிப்பாக இருந்தால், விண்ணப்பத்தோடு அங்கே பணிபுரியும் ஒருவருக்கு நேரடியாக எழுதினாலன்றிப் பயனில்லை என்று கொள்ளலாம்.

நான்கு சோதனைகளிலும் கோளாறு இல்லையென்றால், தகுதிக்கும் கேட்கப்படும் பணிக்கும் இடையில் தூரம் அதிகம் என்ற சாத்தியத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியிருக்கும். கேட்கும் திறன்களில் பாதியாவது கையில் உள்ள பணிகளுக்கு மட்டும், வாரத்துக்குப் பத்துக்கு மிகாமல், ஒவ்வொன்றுக்கும் ரெஸ்யூமேயின் முதல் மூன்று வரிகளை மாற்றி அனுப்பிப் பாருங்கள்.

அறிகுறி: ஆட்களுக்கு எழுதினால் பதில் வருவதில்லை

யாருக்கு எழுதுகிறோம், என்ன எழுதுகிறோம் என்ற இரண்டு இடங்களில் இது கெடுகிறது.

வேலை வேண்டுமென்றால் நெருங்கிய நண்பர்களிடமோ, முற்றிலும் அறிமுகமில்லாத பெரிய மனிதர்களிடமோ கேட்பது நம் இயல்பு. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளவர்களைச் சுட்டிக்காட்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் அருகேயுள்ள ஒரு நகரத்தில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காட்டினரே, எப்போதாவது பார்ப்பதாகச் சொன்னவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 27.8 விழுக்காடு. காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்தே இருக்கும், தொலைவில் உள்ளவர் வேறொரு வட்டத்தில் புழங்குவதால் அங்குள்ள செய்தி அவர் வழியாக மட்டுமே வரும். அது சிறிய ஆய்வுதான். ஆனால் லிங்க்ட்இன்னில் ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிப் பேரை உள்ளடக்கி நடத்தப்பட்ட சோதனைகளின் முடிவு 2022 இல் சயின்ஸ் இதழில் வெளியானபோது, அதே கருத்து ஒரு திருத்தத்தோடு உறுதியானது: ஓரளவு தொலைவில் உள்ள தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன, மிகவும் தொலைவில், பொதுவான அறிமுகமே இல்லாதவர்களால் பயன் மறுபடியும் குறைகிறது. மென்பொருள் போன்ற எண்ணிமச் (டிஜிட்டல்) சார்பு மிகுந்த துறைகளில் இது கூடுதலாகப் பொருந்துவதாகவும், அத்தகைய சார்பு குறைந்த துறைகளில் நெருங்கிய உறவுகளே அதிகம் கைகொடுப்பதாகவும் அதே ஆய்வு கண்டது.

எனவே உங்கள் பட்டியலில் முதலில் வர வேண்டியவர்கள் பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், ஒரு பயிற்சியில் பக்கத்தில் அமர்ந்தவர், கல்லூரியில் இரண்டு ஆண்டு மூத்தவர், ஒரு திட்டத்தில் எதிர்த்தரப்பில் இருந்து பேசியவர் போன்றோர். முப்பது பெயர்களை எழுதுங்கள். எழுதத் தொடங்கியதும் நாற்பது வரும்.

இனி எழுதும் முறை. "வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்?" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் மிகப் பலர். ஐந்து ஆண்டுகள் கழித்து இப்படி ஒரு செய்தி வந்தால், அடுத்து என்ன கேட்கப்போகிறாரோ என்ற தயக்கத்திலேயே பலர் பதில் எழுதாமல் விடுகிறார்கள். "உங்கள் நிறுவனத்தில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்பது இன்னும் மோசம். தேடும் வேலையைப் பெறுபவர் தலையில் சுமத்துகிறது. அறிமுகம், காரணம், ஒரே ஒரு சிறிய கேள்வி, மறுக்க எளிய வழி ஆகிய நான்கும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

"வணக்கம். 2019 இல் கிடங்கு இருப்புக் கணக்கை மென்பொருளுக்கு மாற்றிய பணியில், கணக்குப் பிரிவின் சார்பில் உங்களோடு இரண்டு மாதம் பணியாற்றினேன். உங்கள் நிறுவனத்தின் தளத்தில் இருப்பு ஆய்வாளர் பணிக்கான அறிவிப்பைப் பார்த்தேன், விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். அந்தக் குழு புள்ளிவிவரப் பகுப்பாய்வை எதிர்பார்க்கிறதா, களப்பணி அனுபவத்தை எதிர்பார்க்கிறதா என்று உங்களுக்குத் தெரிந்தால் ஒரு வரி எழுத முடியுமா? தெரியாவிட்டாலும், நேரம் இல்லாவிட்டாலும் தவறாக நினைக்கமாட்டேன்."

இதில் பரிந்துரை கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பதில் எழுதுபவர் பெரும்பாலும் தாமாகவே "ரெஸ்யூமேயை அனுப்புங்கள், உள்ளே சேர்த்துவிடுகிறேன்" என்று சொல்லிவிடுவார்; சொல்லாவிட்டால் இரண்டாவது செய்தியில் கேட்கலாம். பத்து நாள்கள் கழித்து ஒரு முறை நினைவூட்டுவது முறையானது. மூன்றாவது முறை எழுதாதீர்கள்.

அறிகுறி: தேடி வருபவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்களாகவே இருக்கிறார்கள்

"வேலை தேடுகிறேன்" என்று பொதுவெளியில் அறிவித்தவுடன் முதலில் வருவது பெரும்பாலும் இவர்கள்தான். நீங்கள் விண்ணப்பிக்காத வேலைக்குத் தேர்வாகிவிட்டதாகச் சொல்வதும், உரையாடலை உடனே டெலிகிராமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ நகர்த்தச் சொல்வதும், எழுத்துவழி அரட்டையிலேயே நேர்காணலை முடித்துவிடுவதும், அந்த வேலைக்கு வழக்கமாகக் கிடைப்பதைவிடப் பல மடங்கு ஊதியம் சொல்வதும், இன்றைக்குள் முடிவு வேண்டும் என்று நெருக்குவதும் தனித்தனியே சந்தேகத்துக்குரியவை. இரண்டு சேர்ந்தால் விலகிவிடுங்கள்.

பணம் கேட்டால் மேலும் சோதிக்கத் தேவையே இல்லை. பயிற்சிக் கட்டணம், பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஒன்றுதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997 ஆம் ஆண்டு 181 ஆம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறக்கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. நாடுகள் சில விதிவிலக்குகளை அனுமதிக்கலாம். உங்கள் நாட்டுச் சட்டம் எப்படியிருந்தாலும், உழைப்புக்குப் பணம் தரவேண்டியவர் உங்களிடம் பணம் கேட்கிறார் என்பதே போதுமான எச்சரிக்கை.

அண்மை ஆண்டுகளில் பெருகியிருக்கும் ஒரு வகை சற்று நயமானது. காணொளிகளுக்கு விருப்பக்குறி இடுவது, விடுதிகளுக்கு மதிப்பீடு எழுதுவது போன்ற எளிய "பணிகள்" தரப்படும்; முதலில் சிறு தொகை உண்மையாகவே உங்கள் கணக்குக்கு வரும். நம்பிக்கை ஏற்பட்டதும், அடுத்த கட்டப் பணிகளைத் திறக்க நீங்கள் ஒரு தொகை கட்ட வேண்டும் என்பார்கள். திரையில் உங்கள் வருமானம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப்போனால் இன்னும் கட்டச் சொல்வார்கள். முதலில் வந்த அந்தச் சிறு தொகை தூண்டில் புழு.

வெளிநாட்டு வேலை என்றால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. சமூக ஊடக விளம்பரங்களை நம்பிச் சென்று இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டவர்களைப் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் அவ்வாறு கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. படித்தவர்களும் கணினித் திறன் உள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். சுற்றுலா விசாவில் வந்தால் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் சோதிக்கும் முறை இது. மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பிறகு வரும் பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டையும் அடுத்தடுத்து இட்டால் எம் போலவே தோன்றும், எல் என்ற எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் இடம் மாறியிருக்கலாம். செய்தியில் தரப்பட்ட தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் தளத்தை நீங்களே தேடித் திறந்து அங்குள்ள எண்ணை அழைத்து, இப்படி ஒருவர் அங்கே பணியாற்றுகிறாரா என்று கேளுங்கள். அடையாள ஆவணத்தின் நகலை அனுப்பியே ஆகவேண்டிய கட்டம் வந்தால், யாருக்காக, எதற்காக, எந்தத் தேதியில் என்பதை நகலின் குறுக்கே எழுதி அனுப்புங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லை (ஓடிபி) எக்காரணத்துக்கும் எவருக்கும் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நாள்களைக் கடத்துவதுதான் பெரிய இழப்பு. உடனே வங்கியை அழைத்துப் பரிமாற்றத்தை முறையிடுங்கள்; உரையாடலை அழிக்காமல் திரைப்பிடிப்புகளை எடுத்துவைத்துக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் அளியுங்கள். அதன்பின் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வருபவர்களும் பெரும்பாலும் அதே கூட்டத்தினர்தான்.

அறிகுறி: நேர்காணல் நன்றாகவே போகிறது, பிறகு ஒரே மௌனம்

இதில் உங்கள் கையில் இல்லாத காரணங்கள் நிறைய: உள்ளேயே ஒருவர் தேர்வாகியிருக்கலாம், நிதி ஒதுக்கீடு நிறுத்தப்பட்டிருக்கலாம், முடிவெடுப்பவர் விடுப்பில் போயிருக்கலாம். சொன்ன தேதிக்கு மூன்று பணிநாள்கள் கழித்து ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஆனால் மூன்று நான்கு முறை தொடர்ந்து இறுதிக் கட்டத்தில் நின்றுபோனால், இரண்டு விஷயங்களைச் சோதிக்க வேண்டும்.

ஒன்று, ரெஸ்யூமேயிலும் லிங்க்ட்இன்னிலும் தேதிகளும் பதவிப் பெயர்களும் ஒத்துப்போகின்றனவா என்பது. ஒன்றில் 2020 வரை பணியாற்றியதாகவும் மற்றொன்றில் 2021 வரை என்றும் இருந்தால், மறதியால் நேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும், சரிபார்ப்பவருக்குத் தெரியாது. சான்றிதழில் உள்ள பெயரின் எழுத்துக்கூட்டலும் இதில் அடங்கும்.

மற்றொன்று, உங்கள் பெயரைத் தேடினால் என்ன வருகிறது என்பது. உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தைத் திறந்து, பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு, ஊர் அல்லது பழைய நிறுவனத்தின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். படங்களின் பக்கத்தையும் பாருங்கள். அதே பெயருடைய வேறொருவரின் வழக்குச் செய்தி முதலில் வருவதும் உண்டு. அப்படியிருந்தால் பெயரோடு தொழிலையும் சேர்த்து எல்லாத் தளங்களிலும் ஒரே வடிவில் எழுதுவது குழப்பத்தைக் குறைக்கும். ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகள் அனைத்தையும் நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரே முறையில் மாற்றும் வசதி தனியுரிமை அமைப்புகளில் இருக்கிறது. எக்ஸ் தளத்தில் பழையவற்றை ஒவ்வொன்றாகவே பார்க்க வேண்டியிருக்கும். அரசியல் கருத்து இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. முன்னாள் மேலாளரையும் வாடிக்கையாளரையும் அடையாளம் தெரியும்படி ஏசிய பதிவுகள்தான் உண்மையில் ஆபத்தானவை, ஏனெனில் நாளை தன்னையும் இப்படித்தான் எழுதுவார் என்று படிப்பவர் நினைக்கிறார்.

உங்கள் சமூக ஊடகக் கணக்கின் கடவுச்சொல்லையே ஒரு நிறுவனம் கேட்டால் தரவேண்டியதில்லை. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2012 இல் இதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. சட்டம் இல்லாத இடத்திலும் பணிவாக மறுத்துவிடலாம்.

அறிகுறி: நாள் முழுவதும் "வேலை தேடுகிறேன்", ஆனால் மாலையில் ஒன்றும் நடந்திருக்கவில்லை

செயலியைத் திறந்தவுடன் முகப்பில் ஓடும் பதிவுகளைப் படிப்பதும், பிறருடைய பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்வதும் தேடல் போலவே தோன்றும், தேடல் அன்று. புதிய வேலைகள் பற்றிய தகவல்களை மின்னஞ்சலுக்கு வரும்படி அமைத்துவிட்டு, செயலிக்குள் போகாமலே அங்கிருந்து திறக்கப் பழகுங்கள். நாள்தோறும் பதிவு போட வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. உங்கள் துறையில் ஒருவர் எழுப்பிய கேள்விக்கு அனுபவத்திலிருந்து நான்கு வரிப் பின்னூட்டம் எழுதுவது, உற்சாகமூட்டும் பொன்மொழிகளை முப்பது நாள் பகிர்வதைவிடச் சரியான ஆட்களின் கண்ணில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும்.

அறிகுறி: இப்போதைய அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் எதையும் செய்ய முடியவில்லை

லிங்க்ட்இன்னில் வேலைக்குத் தயாராக இருப்பதை எல்லோருக்கும் காட்டலாம், ஆட்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் காட்டலாம். புகைப்படத்தைச் சுற்றிய பச்சை வளையம் முதலாவதில் மட்டுமே வரும். இரண்டாவதைத் தேர்ந்தால் உங்கள் தற்போதைய நிறுவனத்தின் ஆட்சேர்ப்பாளர்களிடமிருந்து மறைக்க முயல்வதாகச் சொல்லும் அத்தளம், முழு உத்தரவாதம் தருவதில்லை. எனவே நிறுவனத்தின் பெயர் பக்கத்தில் சரியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மறைக்க வேண்டியவர் யார் என்பதே அதற்குத் தெரியாது. பக்கத்தைத் திருத்தத் தொடங்கும் முன், மாற்றங்களைத் தொடர்புகளுக்கு அறிவிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அலுவலக மின்னஞ்சல், அலுவலக மடிக்கணினி, அலுவலக இணையம் மூன்றிலிருந்தும் விலகியிருங்கள்.

அறிகுறி: எல்லாவற்றையும் மாற்றினேன், எது பலித்தது என்றே தெரியவில்லை

ஒரே இரவில் தலைப்பு வரி, புகைப்படம், ரெஸ்யூமே, விண்ணப்பிக்கும் தளம் ஆகிய அனைத்தையும் மாற்றியிருப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் விட்டு, மேலே சொன்ன ஐந்து எண்களையும் மறுபடி எழுதுங்கள். தேடல் முடிவுகளில் தோன்றும் எண்ணிக்கை உயர்ந்து, பக்கத்தைத் திறப்பவர் எண்ணிக்கை உயரவில்லையென்றால், தவறான பதவிப் பெயரில் அகப்படுகிறீர்கள். முதல் அறிகுறிக்குத் திரும்பி, இருபது அறிவிப்புகளைப் புதிதாக எடுத்து எண்ணத் தொடங்குங்கள்.